ரப்பர் பாலும் கிந்தா ஈயமும் எங்கிருந்து வந்தன?

பேராக் மாநிலம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய பொருள்கள் இரண்டு. ஒன்று ஈயம், மற்றொன்று ரப்பர். தைப்பிங் வட்டாரத்திலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் மண்ணைக் கழுவி ஈயம் எடுத்தார்கள். கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. சுங்கை சிப்புட், தாப்பா, பத்து காஜா எனப் பல ஊர்களில் நம் தாத்தா பாட்டிமார் அந்த இனத்து மரங்களைச் சீவித்தான் குடும்பத்தைக் கரையேற்றினார்கள்.

ஈயம் மண்ணிலிருந்து வந்தது, பால் மரத்திலிருந்து வந்தது. இது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மண்ணுக்குள் ஈயம் எப்படி வந்தது? மரம் எதைக் கொண்டு பாலை உண்டாக்கியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், பூமியைத் தாண்டி, சூரியனையும் தாண்டி, எப்போதோ செத்துப்போன விண்மீன்களிடம் போய் நிற்போம். அங்கே என்ன நடந்தது என்பதை நமக்குக் காட்டிக் கொண்டிருப்பவை விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிகள்.

மாணவ நண்பர்களே, வானியல் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சங்கதி என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பாலுக்குள் இருக்கும் கரி

முதலில் ரப்பரைப் பார்ப்போம். இயற்கை ரப்பர் இரண்டே தனிமங்களால் ஆனது: கார்பன், ஹைட்ரஜன். ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு துண்டு, ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக் கொண்டால் அதுதான் ரப்பர். மரம் கார்பனைக் காற்றிலிருந்தும் ஹைட்ரஜனை நீரிலிருந்தும் எடுத்துக் கொள்கிறது.

அந்த ஹைட்ரஜனின் வயது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள். பேரண்டம் தோன்றிய முதல் சில நிமிடங்களுக்குள் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் உருவாகிவிட்டன. அப்போது கார்பன் இல்லை. அது பிறக்க விண்மீன்கள் தோன்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்று ஹீலியம் கருக்கள் ஒன்றாக இணைந்தால் ஒரு கார்பன் கரு கிடைக்கும். அதற்குச் சுமார் 10 கோடி பாகை வெப்பம் வேண்டும். நம் சூரியனின் நடுப்பகுதியிலேயே இப்போது 1.5 கோடி பாகைதான் இருக்கிறது. வயதாகி ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்களின் உள்ளேதான் அந்த வெப்பம் கிடைக்கும். அவை தம் கடைசிக் காலத்தில் மேலடுக்குகளை வெளியே ஊதித் தள்ளும்போது கார்பனும் விண்வெளியில் பரவுகிறது.

இப்படிக் கார்பன் பரவுவதைக் கண்ணால் பார்க்க முடியுமா? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்துவிட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், 6.5 மீட்டர் அகலக் கண்ணாடியுடன் அகச்சிவப்பு ஒளியைச் சேகரிக்கிறது. டபிள்யூஆர் 140 என்ற இரட்டை விண்மீனை அது படம் பிடித்தபோது, நடுவில் இருந்த விண்மீன்களைச் சுற்றி 17 வளையங்கள் தெரிந்தன. அந்த இரண்டு விண்மீன்களும் ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கி வருகின்றன. ஒவ்வொரு நெருக்கத்தின்போதும் கார்பன் நிறைந்த தூசு வளையம் ஒன்று வெளியே புறப்படுகிறது. நூற்றுமுப்பது ஆண்டுக் கணக்கு அந்த ஒரே படத்தில் பதிந்திருக்கிறது.

ஈயத்தைச் சமைத்த உலை

ஈயத்தின் கதை இன்னும் நீளமானது. நம் ஊரில் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. கெட்டிப்பால் டின்னின் இரும்புத் தகட்டுக்கு மேலே பூசப்படுவதும் இதுதான். இதன் அணு எண் 50. அதாவது ஒரு ஈய அணுவின் கருவில் 50 புரோட்டான்கள் இருக்கின்றன.

விண்மீன்கள் சிறிய கருக்களை இணைத்துப் பெரிய கருக்களை உண்டாக்குகின்றன. அந்த இணைவில் ஆற்றல் வெளிப்படுவதால்தான் அவை ஒளிர்கின்றன. ஆனால் இந்த வழி இரும்போடு முடிந்துவிடும். இரும்பின் அணு எண் 26. அதற்கு மேலே இணைக்கப் போனால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். அப்படியானால் 26இலிருந்து 50க்கு ஏறியது எப்படி?

பதில் நியூட்ரானில் இருக்கிறது. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. ஆகவே அது எந்தக் கருவுக்குள்ளும் தடையின்றி நுழைந்துவிடும். வயதான சிவப்பு விண்மீனுக்குள் இரும்புக் கரு ஒன்று ஒரு நியூட்ரானைப் பிடித்துக் கொள்கிறது. பிறகு காத்திருக்கிறது. இன்னொன்றைப் பிடிக்கிறது. இடையில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால், கரு தனிம அட்டவணையில் ஒரு படி ஏறிவிடும். உண்டியலில் காசு சேர்ப்பது போன்ற மெதுவான வேலை இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். பூமியில் உள்ள ஈயத்தின் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது.

இதை 1957ஆம் ஆண்டு மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவ்லர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரும் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். அதற்கு முன்பே ஒரு சாட்சி கிடைத்திருந்தது. 1952இல் பால் மெரில் என்ற வானியலாளர் சில சிவப்பு விண்மீன்களில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். டெக்னீசியம் நிலையானதன்று, சில லட்சம், சில பத்து லட்சம் ஆண்டுகளில் சிதைந்து குறைந்துவிடும். விண்மீனின் வயதோ அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே விண்மீன் பிறந்தபோது இருந்த டெக்னீசியம் இப்போது மிஞ்சியிருக்க முடியாது. அந்த விண்மீன்தான் அதைப் புதிதாக உண்டாக்கியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது நமக்கு நெருங்கிய கதை. விண்மீன்கள் ஊதித் தள்ளிய தூசும் வாயுவும் திரண்டு, சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் உருவாகின. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருகிய குழம்பாக மேலெழுந்தபோது ஈயமும் அதனுடன் வந்தது. மழையும் ஆறும் மலையை அரித்து, கனமான ஈயத் தாதுவைக் கிந்தா பள்ளத்தாக்கில் படிய வைத்தன. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கிறதே, 1938இல் கட்டப்பட்டு 1982 வரை மண் தோண்டிய 4,500 டன் எடையுள்ள மிதவைக் கப்பல், அது வாரி எடுத்தது விண்மீன்கள் சேர்த்து வைத்த சொத்தை.

வானத்துக்கு மேலே ஏன் போக வேண்டும்?

இதெல்லாம் ஊகம்தானே, யார் போய்ப் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் மட்டும் ஒளியை உறிஞ்சும் அல்லது உமிழும். விண்மீனின் ஒளியை வானவில்லைப் போலப் பிரித்தால் அதில் குறிப்பிட்ட இடங்களில் கோடுகள் தெரியும். இரண்டு தனிமங்களுக்கு ஒரே வரிசைக் கோடுகள் இருக்காது. கைரேகையைப் போல இதை வைத்துத் தனிமத்தை அடையாளம் காணலாம்.

விண்வெளியில் ஈயத்தைத் தேட உதவும் முக்கியமான கோடு ஒன்று புற ஊதா ஒளியில், சுமார் 140 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே அந்த ஒளியை விழுங்கிவிடும். ஈப்போவில் பிற்பகல் மழை பெய்து இரவு மேகம் மூடுவது ஒரு தொல்லை என்றால், மேகமே இல்லாத பாலைவனத்தில் நின்றாலும் இந்த ஒளி தரைக்கு வந்து சேராது. காற்றுக்கு மேலே போனால்தான் உண்டு.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி அங்கே போயிற்று. அதன் நிறமாலைக் கருவியைக் கொண்டு, விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் மெல்லிய வாயுவில் ஈயத்தின் கோட்டை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 1993இல் வெளியிட்டார்கள். கிந்தா மண்ணில் கிடைத்த அதே தனிமம், அடுத்த தலைமுறை விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாக அங்கே மிதந்து கொண்டிருக்கிறது.

இதே கைரேகை முறை இப்போது மற்ற சூரியன்களைச் சுற்றும் கோள்களையும் சோதிக்கிறது. 2022இல் ஜேம்ஸ் வெப், 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு வாயுக் கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. நம் ரப்பர் மரம் இழுத்துக் கொள்ளும் அதே வாயு!

விண்மீன் மண்டலங்களிலும் இதே வேலை நடக்கிறது. பேரண்டத்துக்கு 29 கோடி வயதே ஆனபோது இருந்த ஒரு விண்மீன் மண்டலத்தை ஜேம்ஸ் வெப் கண்டுபிடித்தது 2024இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சிலி நாட்டிலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி அதில் ஆக்சிஜனைக் கண்டது. அவ்வளவு சீக்கிரத்திலேயே விண்மீன் உலைகள் வேலையைத் தொடங்கிவிட்டன.

கப்பலில் போட்ட கணக்கு

எந்த விண்மீன் அமைதியாகச் சாகும், எது வெடித்துச் சிதறும்? இந்தக் கேள்விக்கு அடிப்படையான எண்ணைத் தந்தவர் ஒரு தமிழர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அறிவியலாளர் சி.வி. இராமன் இவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கேம்பிரிட்ஜ் செல்வதற்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 19. நம்மில் பலருடைய வயது. அந்தப் பயணத்தில் அவரிடம் தொலைநோக்கி இல்லை. தாளும் பென்சிலும் இருந்தன.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கிச் சுருங்கி, பூமியளவே உள்ள வெண்குள்ள விண்மீனாக நின்றுவிடும் என்று அன்று நம்பினார்கள். சந்திரசேகர் அந்தக் கணக்கில் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்துப் பார்த்தார். ஓர் எல்லை வெளிப்பட்டது. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல 1.4 மடங்கு எடை. அதற்கு மேல் எடை உள்ள வெண்குள்ளன் நிலைக்க முடியாது, இடிந்து விழும்.

1935ஆம் ஆண்டு லண்டன் கூட்டத்தில் அன்றைய பெரிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் இந்த முடிவை எல்லார் முன்னிலையிலும் கேலி செய்தார். சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. கணக்கைக் கைவிடவும் இல்லை. தம் முடிவுகளைப் புத்தகமாக எழுதிவிட்டு அடுத்த ஆய்வுக்குப் போனார். 1983ஆம் ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை அவருடன் பகிர்ந்தவர் யார் தெரியுமா? மேலே 1957ஆம் ஆண்டுக் கட்டுரையில் நாம் பார்த்த வில்லியம் ஃபவ்லர். விண்மீன் எப்படி வாழ்ந்து சாகிறது என்று சொன்னவரும், அதற்குள் தனிமங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று சொன்னவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் ஓர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைக் கொண்டு சென்றது. அதற்குப் பெயர் வைக்க நாசா ஒரு போட்டி நடத்தியிருந்தது. 61 நாடுகளிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். வென்ற பெயர் ‘சந்திரா’. அதை முன்மொழிந்தவர்கள் இருவர்: அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், கலிபோர்னியாவில் இயற்பியல் ஆசிரியை ஒருவர்.

எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். பழைய ஈயக் குட்டையில் தட்டைக் கல்லைச் சாய்த்து எறிந்தால் அது நீரின்மேல் தத்திப் போகுமே, அதுபோல மிகச் சாய்வாக விழுந்தால்தான் திரும்பும். அதனால் சந்திராவின் கண்ணாடிகள் பீப்பாய் வடிவில் செய்யப்பட்டிருக்கின்றன. அது முதலில் வெளியிட்ட படம், 11,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த காசியோப்பியா ஏ என்ற விண்மீனின் மிச்சம். அந்த ஒரே வெடிப்பில் பூமியைப் போல 70,000 மடங்கு எடையுள்ள இரும்பு வெளியேறியிருப்பதாகச் சந்திராவின் தரவுகள் காட்டுகின்றன.

ஈயத்துக்கு இரண்டு படி மேலே

மெதுவான வழியைச் சொன்னேன். வேகமான வழியும் உண்டு. வெடித்த விண்மீன்களின் எச்சமான நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதிக்கொண்டால், கண் இமைக்கும் நேரத்தில் கனமான தனிமங்கள் பிறக்கின்றன. ஈயத்தின் ஒரு சிறு பகுதியும், தங்கத்தில் பெரும்பகுதியும் இப்படிப்பட்ட வேகமான நிகழ்வுகளில் உண்டானவை.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நடந்த இப்படியொரு மோதலை ஈர்ப்பலைக் கருவிகளும் தொலைநோக்கிகளும் சேர்ந்து பதிவு செய்தன. 2023ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி ஒரு காமா கதிர் வெடிப்பு தெரிந்தபோது ஜேம்ஸ் வெப் அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தது. அந்த ஒளியில் டெல்லூரியத்தின் தடயம் இருந்தது. டெல்லூரியத்தின் அணு எண் 52. நம் ஈயத்துக்கு இரண்டே படி மேலே!

படித்து என்ன ஆகப் போகிறது?

நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் மாணவி. என் பாட்டி தாப்பா பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர். விடிவெள்ளியைப் பார்த்து நேரம் கணித்துப் பெரட்டுக்குப் போனதாகச் சொல்வார். அந்த வெள்ளி ஒரு கோள் என்று சொல்லித் தர அவருக்கு யாரும் இல்லை. எனக்குச் சொல்லித் தர ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனாலும் படிவம் 4இல் நான் இயற்பியலை எடுத்தபோது, “அதைப் படித்து எந்த வேலைக்குப் போவாய்?” என்று உறவினர்கள் கேட்டார்கள்.

கேள்வி தப்பில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியதையும், 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டதையும் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு தொழில் கைவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்களுக்கு நாம் நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

எல்லாரும் வானியலாளராக முடியாது. ஆனால் மங்கலான ஒளியிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கக் கற்றவர், மருத்துவமனையின் கதிர்ப் படத்தையும் ஆலையின் கருவியையும் வங்கியின் தரவையும் படிக்கத் தெரிந்தவர். ஈப்போ வட்டாரத்தில் இன்று அரைக்கடத்திச் சில்லுகளைப் பொதியும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சில்லுகளை மின்பலகையில் பற்றவைக்க உதவுவது எது? ஈயம்தான். தாத்தா காலத்தில் தோண்டி விற்ற பொருளைப் பேரப்பிள்ளைகள் அறிந்து பயன்படுத்தும் காலம் இது.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. மலேசியாவின் முதல் விண்ணியற்பியலாளர் எனப்படும் மஸ்லான் ஒத்மான், கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். பின்னர் ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகத்துக்கே தலைவரானார். அவர் தொடங்கியபோது இந்நாட்டில் அந்தத் துறையே இல்லை.

இன்று நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஹப்பிள், சந்திரா, ஜேம்ஸ் வெப் எடுக்கும் தரவுகள், அவற்றைக் கேட்டு வாங்கிய ஆய்வாளரிடம் அதிகம் போனால் ஓராண்டு இருக்கும். அதன்பின் இணையத்தில் எல்லாருக்கும் இலவசம். ஹார்வர்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே கோப்பு சுங்கை சிப்புட்டில் இருப்பவருக்கும் கிடைக்கும்.

கோப்பைப் படிக்கத் தெரியவில்லையா? 2007இல் தொடங்கிய ‘கேலக்சி ஸூ’ திட்டத்தில் சேரலாம். விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து, இது சுருளா, உருண்டையா என்று வகைப்படுத்தும் வேலை. அதில் சேர்ந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல், ஒரு படத்தின் ஓரத்தில் விசித்திரமான ஒளித் திட்டு இருப்பதைக் கவனித்து “இது என்ன?” என்று கேட்டார். அதுவரை யாரும் கவனித்திராத வாயு மேகம் அது. பிறகு ஹப்பிள் தொலைநோக்கியே அதைப் படம் பிடித்தது. அவர் வானியல் படித்தவர் அல்லர். பார்த்தார், கேட்டார், அவ்வளவுதான்.

படிவம் 3 முடித்துப் பாடம் தேர்ந்தெடுக்கப் போகும் தம்பி தங்கைகளே, இயற்பியல் கடினம் என்று யாராவது சொன்னால் ஒப்புக் கொள்ளுங்கள், கடினம்தான். அதற்காக அது நமக்கு உரியதன்று என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக் கொள்ளாதீர்கள். நம் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கையால் தொட்டு உழைத்த பொருள்களின் கதை அது. இந்த வார விடுமுறையில் கைப்பேசியை எடுத்து, கேலக்சி ஸூவில் பத்துப் படங்களையாவது வகைப்படுத்திப் பாருங்கள். பதினோராவது படத்தில் உங்களுக்கும் ஒரு கேள்வி எழலாம்.